பெயரின் கடைசிச் சொல் யாருடையது?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் எல்லோருக்கும் துன் சம்பந்தன் சாலையைத் தெரியும். மோனோரயிலில் அதே பெயரில் ஒரு நிலையமும் உண்டு. துன் வீ.தி. சம்பந்தன் 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவர், சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். இதெல்லாம் வரலாற்றுப் பாடம். நான் கேட்க வருவது வேறு. ‘சம்பந்தன்’ என்பது அவருடைய குடும்பப் பெயரா?

இல்லை. ‘வீ’ என்பது அவருடைய அப்பா வீராசாமி. ‘தி’ என்பது திருஞான. பெற்றோர் வைத்த பெயர் திருஞானசம்பந்தன். தேவாரம் பாடிய சம்பந்தரின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஒரே பெயர் இரண்டாக உடைந்தது. முன்பாதி ஓர் எழுத்தாகச் சுருங்கியது. பின்பாதி சாலைக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வீடு தொடரும் குடும்பப் பெயர் என்று அதில் எதுவுமே இல்லை.

அறிவியல் பக்கத்தில் சாலைப் பெயர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. யார் எதைக் கண்டுபிடித்தார் என்ற கணக்கை அறிவியல் உலகம் பெயரை வைத்துத்தான் எழுதி வைக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மேற்கோள் பட்டியலில் ஒவ்வொரு ஆய்வாளரும் ஒரே முறையில் எழுதப்பட்டிருப்பார்: கடைசிச் சொல் முழுதாக, பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு முதல் எழுத்து. நியூட்டன், ஐ. டார்வின், சி. கடைசிச் சொல் என்றால் அது குடும்பப் பெயர்தான், அது தலைமுறை தலைமுறையாக வருவதுதான் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு இது. அவர்களுக்கு அது சரி. நமக்கு?

படிவம் 5 படிக்கும் ஒரு கவிதாவைக் கற்பனை செய்துகொள்வோம். அடையாள அட்டையில் ‘கவிதா ஏ/பி முருகன்’ என்று இருக்கிறது. ஏ/பி என்றால் மலாயில் ‘அனாக் பெரம்புவான்’, மகள். அவளுடைய அண்ணன் கார்த்திக்குக்கும் தம்பி குமாருக்கும் ஏ/எல், ‘அனாக் லெலாகி’. வெளிநாட்டு அறிவியல் போட்டி ஒன்றுக்கு இணையத்தில் பதிகிறாள். ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள், இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். சாய்கோட்டைப் போட்டால் படிவம் ஏற்காது. வேறு வழியில்லாமல் இரண்டாவது கட்டத்தில் ‘முருகன்’ என்று நிரப்புகிறாள். இதே பழக்கம் பல்கலைக்கழகத்திலும் தொடர்ந்தால், ஆறேழு ஆண்டு கழித்து அவளுடைய முதல் ஆய்வுக் கட்டுரை ‘முருகன், கே.’ என்ற பெயரில் அச்சாகும். அண்ணன் எழுதினாலும் ‘முருகன், கே.’தான். தம்பி எழுதினாலும் அதேதான். முருகனுக்குப் பிள்ளையாய்ப் பிறந்து ‘கே’யில் தொடங்கும் பெயருடைய உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அதே ஆள்தான்.

ஆய்வைச் செய்தது கவிதா. பட்டியலில் இருப்பது அவள் அப்பா.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரே குடும்பமே போதும். சர் சி.வி. ராமன் 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ‘சி’ அவருடைய அப்பா சந்திரசேகர ஐயர். அவருக்கு வைத்த பெயர் வெங்கடராமன். அதுவும் சம்பந்தன் போலவே வெங்கட, ராமன் என்று உடைந்தது. ராமன் விளைவு, ராமன் நிறமாலை, பெங்களூரில் ராமன் ஆய்வு நிலையம், நிலவில் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள ராமன் பள்ளம் எல்லாமே ஒரு பெயரின் பின்பாதியைத் தாங்கி நிற்பவை.

ராமனின் அண்ணன் சுப்ரமணிய ஐயரின் மூத்த மகனுக்கு, நம் வழக்கப்படி, தாத்தாவின் பெயரை வைத்தார்கள். சந்திரசேகர். இவர்தான் 1930-இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே வெண்குறளி விண்மீன் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குதான் எல்லை. அதைத் தாண்டினால் அது வெண்குறளியாக நிலைத்திருக்க முடியாது. சந்திரசேகர் எல்லை என்று இதைச் சொல்கிறோம். 1983-இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் ஒரே துறையில் நோபல். ஆனால் மேற்கத்தியப் பட்டியலைப் பார்ப்பவருக்கு இருவரும் உறவு என்று தெரியவே தெரியாது. ஒருவர் ராமன், மற்றவர் சந்திரசேகர். இருவருக்கும் பொதுவான பெயர் ஒருவரிடம் முன்னெழுத்தாக மறைந்திருக்கிறது, இன்னொருவரிடம் சொந்தப் பெயராக வெளியே தெரிகிறது.

கதை இன்னும் முடியவில்லை. ராமனின் தங்கை சீதாலட்சுமிக்கும் ஒரு மகன். அவர் பெயரும் சந்திரசேகர். முன்னெழுத்தும் ‘எஸ்’தான்: சிவராமகிருஷ்ண. ஆக உலகத்தில் இரண்டு எஸ். சந்திரசேகர், இருவரும் இயற்பியலாளர்கள், இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள், இருவரும் அத்தை பிள்ளை மாமன் பிள்ளை. இளையவர் பெங்களூரில் இருந்தபடி திரவப் படிகங்களை ஆராய்ந்தார். தட்டு வடிவ மூலக்கூறுகள் காசுகளை அடுக்கியது போல் நெடுந்தூண்களாக அடுக்கிக்கொள்ளும் புது வகைத் திரவப் படிகத்தை 1977-இல் அவரும் அவருடைய குழுவும் கண்டார்கள். எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் மங்காமல் இருக்க ஒட்டும் மெல்லிய படலங்களில் இப்படிப்பட்ட தட்டு மூலக்கூறுகள் பயன்படுகின்றன.

ஒரு நல்ல பல்கலைக்கழக நூலகத்தின் இயற்பியல் அலமாரியில் பாய்மங்களின் நிலைத்தன்மை பற்றி 1961-இல் வந்த தடித்த நூல் ஒன்று இருக்கும், ஆசிரியர் எஸ். சந்திரசேகர். திரவப் படிகங்கள் பற்றி 1977-இல் வந்த நூலும் இருக்கும்; ஆசிரியர் எஸ். சந்திரசேகர். முதுகுப் பக்கத்தைப் பார்த்தால் ஒருவர் எழுதியது போலவே இருக்கும்.

ஒரே குடும்பத்தார் வேறு வேறு பெயரில் இருப்பது ஒரு பக்கம். உறவே இல்லாதவர்கள் ஒரே குடும்பம் போலத் தெரிவது இன்னொரு பக்கம்.

ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரதங்களை ஆராய்ந்தவர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திருகிக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கோணத்திலும் திருகலாம் என்று இல்லை; சில கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முட்டாத கோணங்கள் எவை என்று ஒரு சதுரத்தில் வரைந்து காட்டினார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுவதும் இன்று அதற்குப் பெயர். நரம்பியலில் வேறொரு ராமச்சந்திரன் உண்டு. கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி எடுப்பதை ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துத் தணிக்க முயன்ற வி.எஸ். ராமச்சந்திரன். இருவரையும் அண்ணன் தம்பி என்று யாராவது நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. ஸ்மித்தும் ஸ்மித்தும் கூட உறவில்லாமல் இருக்கலாம்தான். ஆனால் ஸ்மித் என்பது குடும்பத்தின் பெயர் என்பதாவது உண்மை. இங்கே அதுவும் இல்லை. இருவருக்கும் அவரவர் பெற்றோர் தனித்தனியாக வைத்த சொந்தப் பெயர். அது ராமச்சந்திரன் என்று அமைந்தது, அவ்வளவுதான்.

அந்த வரைபடம் வெளிவந்த 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் மூன்று பேர்: ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். நடுவில் இருப்பவரைக் கவனியுங்கள். செல்லுக்குள் புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவரும் ஒரு ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். புரத அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்தால் அது சரியா என்று சோதிக்க ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். ஆகவே இந்த ராமகிருஷ்ணனின் துறையில் நாள்தோறும் புழங்கும் கருவியில் அந்த ராமகிருஷ்ணனின் உழைப்பும் இருக்கிறது. இருவரும் வேறு ஆட்கள்.

நோபல் பெற்ற ராமகிருஷ்ணனுடைய சொந்தப் பெயர் எது? வெங்கட்ராமன். ராமகிருஷ்ணன் அவருடைய அப்பா, பரோடாவில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த சி.வி. ராமகிருஷ்ணன். வெங்கட்ராமனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன் கேம்பிரிட்ஜில் காசநோயை ஆராய்கிறார். அவரும் கடைசிச் சொல்லாக அப்பாவின் பெயரையே வைத்திருக்கிறார். இந்த வீட்டில் அப்பாவின் சொந்தப் பெயர் ஒரே தலைமுறையில் குடும்பப் பெயராகிவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1930-இல் பரிசு வாங்கியவர் வெங்கடராமன். 2009-இல் பரிசு வாங்கியவரும் வெங்கட்ராமன். இருவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்றேதான். முதலாமவரை உலகம் பின்பாதியைச் சொல்லி ராமன் என்று கூப்பிட்டது. இரண்டாமவரை நண்பர்கள் முன்பாதியைச் சொல்லி வெங்கி என்று கூப்பிடுகிறார்கள். நோபல் பட்டியலிலோ ஒருவர் தன் பெயரின் பாதியில் இருக்கிறார், மற்றவர் தன் அப்பாவின் பெயரில் இருக்கிறார். வெங்கடராமன் என்ற பெயர் அங்கே கடைசிச் சொல்லாக எந்த இடத்திலும் முழுதாக நிற்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்தறிந்த ஆய்வு 2013-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்தது. பழத்தின் ஓட்டுத் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்ட இன்னொரு கட்டுரையும் அதே இதழில் சேர்ந்து வந்தது. ஓடு மெல்லியதாக இருந்தால் எண்ணெய் அதிகம். எனவே தோட்டக்காரருக்கு அது பெரிய செய்தி. மலேசிய செம்பனை வாரியத்தில் அந்த ஆய்வுக்கு முன்நின்றவர் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. மேற்கோளில் அவர் ‘சம்பந்தமூர்த்தி, ஆர்.’ ரவிகாதேவி என்ற பெயர் ஒரே எழுத்தாகிவிட்டது. ஒரு பெண் இந்த வேலையைச் செய்தார் என்பது அந்தப் பட்டியலில் தெரியாது. முதல் ஆசிரியர் ராஜிந்தர் சிங். அவர் ‘சிங், ஆர்.’ உலகத்தில் எத்தனை சிங், ஆர். இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது.

என் கவலை பெண்களைப் பற்றித்தான் அதிகம். பையனுக்கு அப்பாவின் பெயர் போனாலும் பட்டியலைப் படிப்பவர் ஓர் ஆணைத்தான் நினைப்பார். ஆள் மாறும், அவ்வளவே. பெண்ணுக்கு ஆளும் மாறுகிறது, பெண் என்பதும் போய்விடுகிறது. ஜானகி அம்மாள் கரும்பையும் பல தோட்டப் பயிர்களையும் ஆராய்ந்த பெரிய தாவரவியலாளர். 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்களின் குரோமோசோம் நூல் 1945-இல் வந்தது. அவருடைய முன்னெழுத்துகள் ஈ.கே. வீட்டுப் பெயர். கடைசிச் சொல் விதிப்படி கண்ணை மூடிக்கொண்டு போனால் அவர் ‘அம்மாள், ஈ.கே.ஜே.’ ஆக வேண்டும். மரியாதைக்குச் சேர்க்கும் ‘அம்மாள்’ குடும்பப் பெயராகி, ஜானகி ஒரு எழுத்தாகிவிடும். நல்லவேளையாக அந்த நூலின் அட்டையில் ஜானகி அம்மாள் என்றே இரண்டு சொல்லும் சேர்ந்து நிற்கின்றன.

இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. உங்கள் வகுப்பில் பின், பிந்தி போட்டு எழுதும் மலாய் நண்பர்களுக்கும் கடைசிச் சொல் அப்பாதான். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே தொலைபேசிப் புத்தகத்தைக்கூடச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சிட்டார்கள். 1980 முதல் 1996 வரை அதிபராக இருந்த விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரை அந்நாட்டு மக்கள் விக்டிஸ் என்றே சொல்வார்கள். அதிபரானாலும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சீன நண்பர்களுக்குத் தலைகீழ்ச் சிக்கல். அவர்களுக்கு உண்மையான குடும்பப் பெயர் இருக்கிறது; ஆனால் அது கோடிக்கணக்கான பேருக்குப் பொது. வாங், லீ என்ற இரண்டை மட்டும் எடுத்தாலே பல கோடி. தென் கொரியாவில் ஐந்து பேரில் ஒருவர் கிம். அமெரிக்க இயற்பியல் கழகம் 2007-இல், தன் ஆய்விதழ்களில் ஆசிரியர்கள் விரும்பினால் ஆங்கில எழுத்தோடு சீன, ஜப்பானிய, கொரிய எழுத்திலும் பெயரை அச்சிடலாம் என்று அறிவித்தது. அறிவித்த தலையங்கத்தின் தலைப்பே ‘எந்த வெய் வாங்?’ என்பதுதான். ஆங்கிலத்தில் ஒன்றாகத் தெரியும் பெயர்கள் சீன எழுத்தில் வேறு வேறாக இருக்கும். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. தமிழ் எழுத்திலும் பெயர் வேண்டும் என்று நாமும் ஒவ்வொரு ஆய்விதழிடமும் கேட்கலாமே. கணினிக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் புதிதில்லை.

இப்போது பெட்டாலிங் ஜெயாவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெரிய சாலைகளுக்குப் பெயர் இருந்தாலும், குடியிருப்புச் சாலைகள் பலவற்றுக்கு எண்தான். ஜாலான் 14/20 என்றால் 14-ஆம் பிரிவில் இருக்கும் சாலை. தபால்காரருக்கு வசதி, ஒரே பெயரில் இரண்டு சாலை என்ற பேச்சே இல்லை. அறிவியல் உலகமும் இதே வழிக்கு வந்துவிட்டது. 2012 அக்டோபரில் தொடங்கிய ஆர்சிட் என்ற அமைப்பு, கேட்கும் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண் ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறது. உங்கள் அடையாள அட்டை எண்ணில் பிறந்த தேதி இருக்கிறது, பிறந்த மாநிலம் இருக்கிறது, கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதை வைத்து ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லலாம். ஆர்சிட் எண்ணில் ஆளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வேண்டுமென்றே அப்படி.

ஆனால் அதன் கடைசி இலக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் ஜோசையா கார்பெரி என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். இருக்கிறார் என்றால், இல்லை. விளையாட்டுக்கு உருவாக்கிய கற்பனை ஆள். விரிசல் விட்ட பானைகள் அவருடைய ‘ஆய்வுத் துறை’. அவருக்கும் ஆர்சிட் எண் கொடுத்திருக்கிறார்கள்: 0000-0002-1825-0097. தாளும் பேனாவும் எடுங்கள். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு இடமிருந்து வாருங்கள். கையில் இருக்கும் தொகையோடு அடுத்த இலக்கத்தைக் கூட்டி, வருவதை இரண்டால் பெருக்க வேண்டும். சுழியங்களைத் தாண்டி 2-க்கு வந்தால் 4. பிறகு 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் 10. அப்படியே 36, 76, 162, 324, 648, 1314. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. 12-இலிருந்து 5 போனால் 7. எண்ணின் கடைசி இலக்கம் 7. நடுவில் உள்ள 8-ஐ யாராவது தவறாக 3 என்று தட்டிவிட்டால் விடை 8 என்று வரும். கணினி உடனே பிடித்துவிடும். (விடை 10 என்று வந்தால் கடைசியில் ‘எக்ஸ்’ போடுவார்கள்.)

அப்படியானால் எண் வந்துவிட்டது, பெயர்ச் சிக்கல் தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண் கணினிக்குத் தீர்வு. சிறுகோள்களைப் பாருங்கள். சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோளுக்கு ‘1958 சந்திரா’ என்று பெயர். 1958 ஆண்டு இல்லை, வரிசை எண். அதைக் கண்டுபிடித்தது 1970-இல். ‘4130 ராமானுஜன்’ என்றும் ஒன்று உண்டு. எண் மட்டுமே போதும் என்றிருந்தால் வானியலாளர்கள் பெயரைத் தேடியிருக்க மாட்டார்கள். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்வெளி ஓடத்தில் ஏறிய ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குப் பெயர் வைக்க நாசா ஒரு போட்டி நடத்தியது. ‘சந்திரா’ என்ற பெயரை எழுதி வென்றவர்களில் ஒருவர் இடாஹோ மாநிலத்துப் பள்ளி மாணவர். உங்கள் வயதுதான் இருக்கும். அந்தப் பெயரில் நாசா தேர்ந்தெடுத்தது சந்திரசேகரின் அப்பா பெயரை அல்ல. நண்பர்கள் அவரைக் கூப்பிட்ட அவருடைய சொந்தப் பெயரின் சுருக்கத்தை. லடாக்கின் ஹன்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கும் அதே சந்திராதான்.

அது எப்படிக் கைகூடியது? சந்திரசேகர் அப்பாவின் பெயரை முன்னால் வைத்தார், தன் பெயரைக் கடைசியில் வைத்தார். ராமானுஜனும் அப்படியே, முன்னால் உள்ள சீனிவாச அவருடைய அப்பா. மேற்கத்திய விதி கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டது, கடைசியில் சொந்தப் பெயர் இருந்தது, தப்பித்தார்கள். நம் தாத்தா பாட்டி காலத்து முன்னெழுத்து முறை இது. மலேசியாவில் நாமோ சொந்தப் பெயர், ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர் என்று எழுதப் பழகிவிட்டோம். அடையாள அட்டைக்கு அது சரி. ஆய்வுக் கட்டுரைக்கு அது பொருந்தவில்லை.

ஆகவே என் கருத்து இது. போட்டியோ கட்டுரையோ, உங்கள் உழைப்பின் மேல் பெயர் போடும் இடத்தில் பழைய முறைக்கே திரும்புங்கள். ‘எம். கவிதா’ என்று எழுதினால் பட்டியலில் ‘கவிதா, எம்.’ என்று வரும். அப்பாவும் இருக்கிறார், கவிதாவும் இருக்கிறாள். கார்த்திக்கும் குமாரும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

கடப்பிதழில் ஒரு பெயர், கட்டுரையில் ஒரு பெயர் என்றால் பிற்காலத்தில் சிக்கல் வராதா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சான்றிதழும் பட்டமும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். அங்கே கை வைக்க வேண்டாம். கட்டுரையில் போடும் பெயர் சட்டப்பெயராக இருந்தாக வேண்டும் என்று இல்லை. ஆர்சிட் பதிவில் ஒருவருக்கு உள்ள மற்றப் பெயர் வடிவங்களையும் சேர்த்துப் பதிய இடம் இருக்கிறது. அப்பாவின் பெயர்தான் என் பெயருக்கு முன் நிற்க வேண்டும் என்று மனமார விரும்பும் பெண்ணிடமும் எனக்கு வாதம் இல்லை. வெங்கியும் லலிதாவும் அப்பா பெயரில்தானே எழுதுகிறார்கள். தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் போதும். படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

இன்னொன்று, எழுத்துக்கூட்டு. லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி, தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் இன்னும் கூடும். சுப்ரமணியத்துக்குக் கடைசி எழுத்து எம்மா என்னா என்பதில் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போவதில்லை. தோட்டத்துக் கிராணியோ பிறப்பைப் பதிந்த எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதி வைத்தது, அப்படியே வருகிறது. அதை இப்போது திருத்த முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். ஒரு போட்டிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று என்று போனால் கணினி உங்களை மூன்று ஆளாக்கிவிடும்.

இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய அடையாள அட்டைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் பெயர் அப்பாவின் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, தாத்தாவின் சொந்த அட்டையில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் வீடு அதிர்ஷ்டம் செய்த வீடு. பிறகு ஒரு தாளில் உங்கள் பெயரை, முன்னெழுத்தோடு, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிப் பாருங்கள். கட்டுரையில் வரப்போவது அதுதான்.